கலங்கல் மேல மணல் மூட்டை

வாங்க மாப்ளே. வெயில்ல வந்துகினு கீறீங்க, மொதல்ல மோரைக் குடிங்க. பெஞ்சுல அந்த ஓரம் குந்தாதீங்க, ஒரு காலு குட்டை. இந்த ஓரம் தாவல.

கையில இன்னா அது, வழவழன்னு? நோட்டீஸா? கல்யாணப் பத்திரிகை கூட இம்மாம் கனமா அடிக்கமாட்டான். இதுல சிரிச்சுகினு படுத்திருக்காளே வெள்ளைக்காரி, இவளுக்கா களைப்பு? எங்க பொண்ணு இப்பிடிச் சிரிச்சு நான் மூணு மாசமா பாக்கல.

வந்த விசயம் எனக்குத் தெரியும். நேத்து ராத்திரி மாட்டுத் தரகர்கிட்ட நீங்க பேசினது, நீங்க வூடு போய்ச் சேர்றதுக்குள்ள என் காதுக்கு வந்துடுச்சு. செவலைப் பசுவை வித்து, பொண்டாட்டியை ஆக்சிஜன் கூண்டுல படுக்க வெக்கப் போறீங்க. நாப்பது தடவை படுத்து எழுந்தா களைப்பு பறந்துடும்னு எவனோ சொல்லிட்டான். நீங்க பாசமான ஆளு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பசு பால் குடுக்குது, அதுலயும் சந்தேகம் இல்ல. கூண்டு இன்னா குடுக்கும்னு ரவ பாத்துட்டு அப்பால தரகரைக் கூப்பிடலாம்.

நான் டாக்டர் இல்ல. முப்பது வருசம் கம்புகட்டியா இருந்தவன். மதகைத் தொறந்து எவன் வயலுக்கு எம்மாம் தண்ணின்னு அளந்து வுட்டவன். ஊரு வழக்கப்படி பாத்தா எனக்குப் பேசக்கூட உரிமை இல்ல. நம்ம ஊரு வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும், வெட்டி வெச்சிருக்கானே குடவோலைக் கணக்கு, அதுல வாரியத்துக்கு வர்றவன் 35 வயசுக்கு மேல 70 வயசுக்குள்ள இருக்கோணும்னு கீது. எனக்கு 76. ஆனா அதே செவுத்துல இன்னொரு சங்கதியும் கீது: வாரியம் பாத்துட்டு எவன் கணக்குக் காட்டலையோ அவன் பேரைத் திரும்பக் குடத்துல போடக்கூடாது. அவன் சொந்தக்காரன் பேரையும் கூடத்தான். ஆயிரத்து நூறு வருசமா கணக்கு கேட்ட ஊரு மாப்ளே இது. அந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்துட்டு, ஒரு நோட்டீஸுக்கு மாட்டை அவுக்கறீங்களே!

மொதல்ல அவளுக்கு இன்னா நோவுன்னு பேசுவோம். இணைப்புத்திசு நோய்னு டாக்டரம்மா சொன்னப்போ நீங்க முழிச்சீங்க. நானும் முழிச்சேன், எனக்குக் கண்ணாடி கீது, வெளிய தெரியல. பாரவண்டியில வைக்கோலை ஏத்திட்டு மேல கயிறு போட்டு இறுக்கறோமே, உடம்புக்கு அந்தக் கயிறுதான் இணைப்புத்திசு. தோலு, சதை, மூட்டு, ரத்தக்குழாய், நுரையீரல் எல்லாத்தையும் கட்டி நிறுத்தறது அது. சில பேருக்குப் பொறக்கறப்பவே கயிறு நெகிழ்ந்து போயிருக்கும், மார்ஃபான், எலர்ஸ் டான்லோஸ்னு பேரு. இவளுக்கு அது இல்ல. காவலுக்கு வெச்ச ஆளே கயித்தைத் திருடன்னு நெனைச்சு அடிக்கிற வகை. லூபஸ், ஸ்கிளீரோடெர்மான்னு தனித்தனியாவும் வரும், ஒண்ணாக் கலந்தும் வரும். அந்தக் கலப்பை 1972ல ஷார்ப்னு ஒரு அமெரிக்க டாக்டர் தனி நோயா பிரிச்சுக் காட்டினாராம். நம்ம பொண்ணுக்கு வந்தது அந்தக் கலப்பு.

இந்த நோயில களைப்புன்னா நாத்து நட்டுட்டு வந்த களைப்பு இல்ல. அது படுத்தா போயிடும். சம்பந்தியம்மா இதைச் சோம்பல்னு சொன்னதா கேள்விப்பட்டேன். அவங்க நல்லவங்க, நான் ஒண்ணியும் சொல்லல. ஆனா சாயங்காலம் துணி மடிக்கிறப்போ ரெண்டாவது சேலையில கை நின்னுபோயி, அந்தச் சேலை மேலயே தலை வெச்சுகினு குந்தியிருந்தாளே, அது சோம்பல் இல்ல. சோம்பேறி மொதல் சேலையையே தொடமாட்டான். எனக்குத் தெரியும், நான் தொட்டதில்ல.

இப்ப ஆக்சிஜன் அளக்கற உங்க விரல் மிசினுக்கு வர்றேன். கொரோனா அப்போ வாங்கினது. 2021 மே மாசம் சிலிண்டருக்காக ஜனம் அலைஞ்ச அலைச்சலை நம்ம பக்கம் யாரு மறப்பா? ஸ்ரீபெரும்புதூர் ஆலையில இருந்து கிளம்பின ஆக்சிஜன் லாரியைச் சாமி தேரு கணக்கா பாத்தோம். அதுல இருந்து நம்ம ஆளுங்களுக்கு ஆக்சிஜன்னா அமிர்தம். உசுரு காத்த பொருள், தப்பில்ல. அதுக்காகத் தலைவலிக்கும் அமிர்தத்தையே ஊத்த முடியுமா?

மார்கழிப் பனியில விடிகாலை அஞ்சு மணிக்கு அவளை எழுப்பி விரல்ல மிசினை மாட்டுனீங்க. 82ன்னு காட்டுச்சு. தெருவே முழிச்சுகிச்சு. நான் வந்து பாத்தேன். அவ விரலு சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு, நுனி நீலம். குளிர் பட்டா இவளுக்கு விரல் ரத்தக்குழாய் சுருங்கிக்கும், ரேனாட்னு பேரு. ரத்தமே வராத விரலை மிசின் இன்னா பண்ணும், வாய்க்கு வந்ததைச் சொல்லும். சூடா காப்பி லோட்டாவைக் கையில குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மாட்டினேன். 97. அந்தக் கால் மணியில நீங்க ஆம்புலன்ஸுக்கு மூணு தடவை போன் போட்டுட்டீங்க.

இங்கதான் எனக்கு ஏரி ஞாபகம் வந்துது. கேளுங்க. மிசின் காட்டற நூத்துக்கு 97ன்னா, ஏரி கலங்கல் வரைக்கும் நெறைஞ்சு கீதுன்னு அர்த்தம். நெறைஞ்ச ஏரி மேல இன்னொரு மழை பெய்ஞ்சா தண்ணி எங்க போவும்? கலங்கல்ல வழிஞ்சு அடுத்த ஊரு போவும். கடைமடை காயுதுன்னா, அப்போ கேக்க வேண்டிய கேள்வி மழை இல்ல. ஏரி தூர்ந்து போச்சா, மதகு அடைச்சுகிச்சா, வாய்க்காலை எவனாவது உடைச்சானா, இதான் கேள்வி. கம்புகட்டிக்கு அம்மாந்தான் தெரியும். ஆனா அம்மாம் போதும்.

அதனால போன செவ்வாக்கிழமை, நீங்க ஷிப்டுக்குப் போனதும், நானும் அவளும் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறிட்டோம். வூட்ல கோயிலுக்குன்னு சொன்னோம். கோவிச்சுக்காதீங்க. மாட்டைப் பத்தி நீங்க என்கிட்ட சொல்லல, ஆஸ்பத்திரியைப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லல. சரியாப் போச்சு.

அங்க ஒரு நர்சம்மா, அவ விரலைத் தொட்டுப் பாத்ததுமே மிசினைக் கீழ வெச்சுட்டு, காதுல மாட்டற கிளிப்பை எடுத்தாந்தாங்க. காது மடல்ல 97. அப்பால வராண்டாவுல 6 நிமிசம் நடக்க வெச்சாங்க, எம்மாம் தூரம் போறா, போறப்போ ஆக்சிஜன் எறங்குதான்னு பாக்கறதுக்கு. குந்தியிருக்கறப்போ சரியா இருந்து, நடந்தா சரிஞ்சு போற நுரையீரலும் உண்டாம். நான் கூடவே நடந்தேன். ‘பெரியவரே, பரீட்சை உங்களுக்கா அவங்களுக்கா’ன்னு நர்சம்மா கேட்டாங்க. முடிக்கறப்போ அவளுக்கு 96. எனக்கு முட்டி வலி.

நுரையீரல் ஸ்கேன், இதய எக்கோ ரெண்டும் இந்த வருசம் பழுதில்ல. தைராய்டும் பாத்தாங்க, அதுவும் சரி. ரத்தம்தான் மாட்டிகிச்சு. ஹீமோகுளோபின் 8.4. பொம்பளைங்களுக்கு 12 இருக்கோணும். இந்த நோயே ரத்த அணுவை அழிக்கிறதும் உண்டாம், அது இல்லைன்னு பாத்துட்டாங்க. இரும்புச்சத்து கொறைவு. எங்க ஒழுவுதுன்னு கண்டுபிடிக்க இன்னும் ரெண்டு டெஸ்ட்டுக்கு எழுதியிருக்காங்க.

நீங்க ஐ.டி.ஐ. படிச்சவரு, கேப்பீங்க: ரத்தம் கொறைஞ்சா மிசின் ஏன் 97 காட்டுச்சு? தூர்ந்த ஏரி மாப்ளே. வண்டல் பாதி ஏரிக்கு நின்னாலும், மேல பாத்தா கலங்கல் வழியுது, கரையில நிக்கறவனுக்கு ரொம்பி வழியற ஏரி. உள்ள தண்ணி கொஞ்சம். நம்ம ஏரிக்குப் பல்லவர் காலத்துல வைரமேகத் தடாகம்னு பேரு. அதைத் தூர் வாரறதுக்குன்னே பொன் எழுதி வெச்ச கல்வெட்டு நம்ம ஊர்ல கீது. அந்தப் பொன்னைக் குடுத்தவன் மழைக்குன்னு குடுக்கல, பாத்துக்கங்க.

கணக்கு பேசலாமா? அந்த நோட்டீஸ் பின்பக்கம் காலியா கீது, பென்சிலைக் குடுங்க. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைத் தூக்கும். 100 மில்லி ரத்தத்துல 12 கிராம் இருந்தா 16 மில்லி. 8.4 இருந்தா 11 மில்லி சொச்சம். இது அணுவுல ஏறிப் போற ஆக்சிஜன். இதுக்கு மேல, சர்க்கரை தண்ணியில கரையற மாதிரி ரத்தத் தண்ணியில கரைஞ்சு போறது வெறும் 0.3 மில்லி. அணு ஏற்கனவே ரொம்பிட்டா, கூண்டு ஏத்தக்கூடியது இந்தக் கரையற பங்கை மட்டுந்தான்.

இப்ப நோட்டீஸைத் திருப்புங்க. கூண்டுன்னு சொல்றானே, அது வெறும் பையி, 1.3 மடங்கு அழுத்தம், உள்ள சாதாரண காத்துன்னு அவனே பொடி எழுத்துல போட்டிருக்கான். நம்ம காத்துல நூத்துக்கு 21 பங்கு ஆக்சிஜன். 1.3ஆல பெருக்குங்க, 27. அதாவது 27 பங்கு கீற காத்தை முகர்ந்த மாதிரி. ஆஸ்பத்திரியில மூக்குக் குழாயில ரெண்டு லிட்டர் வுட்டாலே அம்மாம் வந்துடும். ரத்தத்துல கரையற 0.3, ஏறக்கொறைய 0.4 ஆவும். வெளிய வந்து செருப்பு மாட்டறதுக்குள்ள பழையபடி 0.3. ஒரு செவலைப் பசு, 0.1 மில்லி! இரும்பு மாத்திரை துன்னு 8.4ஐ 12 ஆக்கினா கெடைக்கிறது கிட்டத்தட்ட 5 மில்லி. அது ராத்திரி தூங்கறப்பவும் கூடவே இருக்கும். விலை? சர்க்காரு ஆஸ்பத்திரியில சும்மா குடுத்தாங்க. சும்மா குடுத்தா நம்ம ஜனத்துக்கு அது மருந்தாவே தெரியாது, அது வேற நோய்.

கலங்கல் மேல மணல் மூட்டை அடுக்கினவனை நீங்க பாத்ததில்ல. எங்க காலத்துல ஒரு ஆளு ராத்திரியோட ராத்திரியா அடுக்கினான், ஏரியில ஒரு சாண் தண்ணி கூட நிக்கட்டும்னு. நின்னுது. காலையில மூட்டையை எடுத்ததும் அந்த ஒரு சாணும் போச்சு, நடுவுல மேல்பக்கத்து வயல் மூழ்கி வெட்டுக்குத்து ஆச்சு. உங்க பையி அந்த மணல் மூட்டை.

அழுத்த ஆக்சிஜன் மருத்துவமே பொய்யின்னு நான் சொல்லல. அப்பிடிச் சொன்னா என் பேரைக் குடத்துல இருந்து எடுத்துடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில இரும்புக் கூண்டு கீது, ரெண்டு மூணு மடங்கு அழுத்தம், சுத்த ஆக்சிஜன். 1960ல ஆம்ஸ்டர்டாம்ல போரிமான்னு ஒரு டாக்டர் பன்னிக்குட்டிங்க ரத்தத்துல சிவப்பணுவையே அனேகமா எடுத்துட்டு, அப்பிடிப்பட்ட கூண்டுல உசுரோட வெச்சுக் காட்டினாரு. கடலுக்கடியில போயி அவசரமா மேல வந்து ரத்தத்துல குமிழி கட்டினவனுக்கு, புகையில மாட்டி கார்பன் மோனாக்சைடு ஏறினவனுக்கு, சதை அழுவுற வாயு நோவுக்கு, ஆறாத சில சக்கரைப் புண்ணுக்கு அது நெசமான வைத்தியம். அந்தப் பட்டியல்ல இணைப்புத்திசுக் களைப்பு இல்ல. பட்டியல்ல இல்லாததுக்கெல்லாம் இதை விக்கறாங்க, ஏமாறாதீங்கன்னு அமெரிக்க மருந்துத் துறை 2013லயே சொல்லிடுச்சு.

‘இஸ்ரேல்ல நிரூபிச்சிட்டாங்க’ன்னு போன்ல காட்டினானா? காட்டியிருப்பான். 2015ல வந்தது. 60 பொம்பளைங்க, ஃபைப்ரோமயால்ஜியான்னு உடம்பு வலி நோவு. இவ நோவு வேற. அதுலயும் பொய்க் கூண்டு ஒண்ணு வெச்சு, பாதிப் பேரை அதுல படுக்க வெச்சுத் தெரியாம ஒப்பிடல. நாப்பது நாளு வூட்டு வேலையில இருந்து தப்பிச்சு, குளுகுளு ரூம்ல படுத்து, ஒருத்தி வந்து ‘எப்படிம்மா இருக்கு’ன்னு கேட்டா, ஆக்சிஜன் இல்லாமலே பாதி களைப்பு போவும். உங்க வூட்ல யாராவது கேக்கறாங்களா? சரி சரி, மோரைக் குடிங்க.

ஆபத்தும் கீது. காது சவ்வு கிழியலாம், வலிப்பு வரலாம். 2025 ஜனவரியில அமெரிக்காவுல மிச்சிகன் பக்கம் ஒரு கூண்டு தீப்பிடிச்சு அஞ்சு வயசுப் புள்ள செத்துப்போச்சு. சுத்த ஆக்சிஜன்ல ஒரு பொறி போதும்.

டெல்லிக்காரன் இதுல இன்னும் கெட்டிக்காரன். 2019ல சாகேத்துல ஆக்சிஜன் பாரே தொறந்தான். 15 நிமிசம் 299 ரூவா, எலுமிச்சைப்புல் வாசனை, லாவெண்டர் வாசனை. நம்ம ஊர்ல ஏரிக்கரை மேல சாயங்காலம் காத்து சும்மா வருது, கூடவே வரால் மீன் வாசனை. ஒருத்தனும் போர்டு மாட்டல.

ஆனா மேட்டுத்தெரு ஆயாவைப் பத்தி சொல்லாம வுட்டா நான் ஓரவஞ்சனைக்காரன். அவங்களுக்கும் இதே குடும்பத்து நோவு, ஆனா நுரையீரல் தழும்பாகி இறுகிப் போச்சு. வரத்துக் கால்வாயே அடைச்சுகினா ஏரி எப்படி ரொம்பும்? சும்மா குந்தியிருந்தாலே 86. 88க்குக் கீழ நின்னா டாக்டருங்களே ஆக்சிஜன் எழுதறாங்க, ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் கொறையாம. வூட்ல கான்சன்ட்ரேட்டர் வெச்சிருக்காங்க. மாவு மிசின் தூரத்துல ஓடற மாதிரி உர்ருன்னு சத்தம், பக்கத்துல சின்ன பாட்டில்ல தண்ணி கொப்புளிக்கும். மூக்குல ரெண்டு முனைக் குழாய், அது நீளமா தரையில ஓடி, வாசப்படி வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது. ஆயா வாசப்படியில நின்னு, ‘கட்டுத்தறி கன்னுக்குட்டி ஆயிட்டேண்டா’ன்னு சிரிப்பாங்க. அடுப்பாண்ட போகக்கூடாது, சாமிக்கு வெளக்கு மருமவதான் ஏத்தறா. கரண்ட்டு போனா உருட்டிவர ஒரு சிலிண்டர் மூலையில கீது. களைப்பு போச்சா ஆயான்னு கேட்டேன். ‘களைப்பு கீதுடா, ஆனா கொல்லைக்கு நடந்து போற மூச்சு கீது’ன்னாங்க. அவங்களுக்கு அது அமிர்தம். அந்த மிசினைப் புடுங்கறவனை நானே கம்பால அடிப்பேன்.

நம்ம பொண்ணுக்கும் நாளைக்கு வறட்டு இருமல் நிக்காம வந்தா, படி ஏற மூச்சு வாங்கினா, காலு வீங்கினா, அடுத்த தேதிக்குக் காத்திருக்காம அன்னிக்கே இட்டுகினு போங்க. அப்போ பசுவை வித்தா நானே கயித்தை அவுத்துக் குடுக்கறேன்.

நல்ல காத்து நோவைத் தீக்கும்ங்கறது இன்னிக்கு நேத்து வந்த நெனைப்பு இல்ல. எங்க பெரிய தாத்தாவுக்குக் காசநோய். தாம்பரம் சானடோரியத்துல படுக்க வெச்சாங்க. டாக்டர் சவுரிமுத்து 1928ல கட்டினது, மரமும் காத்துமா இருக்கும். காசநோய்க்குக் காத்தும் ஓய்வும் முட்டையும்தான் வைத்தியம்னு ஒலகமே நம்பின காலம். அப்பால மாத்திரை வந்துது. 1956ல மெட்ராஸ்ல ஒரு கூட்டம் டாக்டருங்க கணக்கு பாக்கக் கெளம்பினாங்க. 193 நோயாளிங்க. பாதிப் பேரு சானடோரியத்துல நல்ல காத்து, நல்ல சோறு, படுக்கை. மீதிப் பேரு குடிசையில, புகையில, நெரிசல்ல, வேலைக்குப் போய்கினு. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாத்திரை, ஒரு வருசம். 1959ல கணக்கைக் காட்டினாங்க: குடிசையில இருந்தவங்க கிட்டத்தட்ட அதே அளவு கொணமானாங்க. கொணப்படுத்தினது மாத்திரை, காத்து இல்ல. ஒலகம் முழுக்க சானடோரியம் படுக்கைங்க காலியாக அது ஒரு காரணம். நம்ம சேத்துப்பட்டுல நடந்த வேலை மாப்ளே அது. காத்து விக்கறவன்கிட்ட இப்பிடி ஒரு கணக்கு கீதான்னு கேளுங்க. இருந்தா மாட்டோட வண்டியையும் சேத்து விக்கலாம்.

சரி, இவ களைப்புக்கு இன்னாதான் வழின்னு கேக்கறீங்க. இரும்பு ஏறினா பாதி தெரிஞ்சுடும். இந்த நோவுக்குத் துன்ற ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஒரு நாளும் வுடக்கூடாது, 2020ல கொரோனாவுக்கு நல்லதுன்னு கண்டவனும் வாங்கிப் பதுக்கி இவளை மாதிரி ஆளுங்களுக்குக் கெடைக்காம பண்ணாங்களே, அதே மாத்திரை. தூக்கம், வலி, மனசு மூணையும் டாக்டரம்மா தனித்தனியா கேட்டாங்க. மனசைக் கேக்கறப்போ என்னை வெளிய போவச் சொன்னாங்க. அவ அழுதுட்டு வந்தா. ஏன்னு நான் கேக்கல, நீங்க கேளுங்க.

மிச்சம் நடை. ஐரோப்பாவுல மூட்டு நோய் டாக்டருங்க கூடி 2023ல எழுதின களைப்பு அறிக்கையிலயும் உடம்பை அசைக்கிறதுதான் முன்னால நிக்குதாம். உழாத நெலம் இறுகிப் போயி, தண்ணி வுட்டாலும் உள்ள எறங்காது. சதையும் அப்பிடித்தான். ஆனா இறுகின நெலத்துல டிராக்டரை வுட்டா கொழு முறியும். அதனால ஏரிக்கரை மேல மொத மதகுல இருந்து ரெண்டாவது மதகு வரைக்கும். அம்மாந்தான். அங்க கல்லு மேல குந்துங்க, திரும்புங்க. ஒரு நாளு தெம்பா இருந்து மூணாவது மதகுக்குப் போலாம்னு அவளே கேப்பா, இட்டுகினு போவாதீங்க, மறுநாளு எழுந்திருக்க மாட்டா. நோவு ஏறின நாள்ல வூட்டு வாசல் போதும். கையுறை போடச் சொல்லுங்க, பனி பட்டா விரல் வெளுக்கும். பேசிகினே நடங்க. ஒரகடத்துல கார் ஜோடிக்கிற கதையைச் சொல்லுங்க, அவளுக்குப் புடிக்கும்னு நெனைக்கிறேன். இல்லாட்டி கேட்டு வெச்சுக்குவா.

நோட்டீஸை எடுத்துகினு போறீங்களா? வேணாமா? அப்போ நாலா மடிச்சு அந்தக் குட்டைக் காலுக்கு அடியில வெய்யுங்க. ஆங், இப்ப பாருங்க, ஆடல. நல்ல கனமான காகிதம்.

செவலை கத்துது, கேக்குதா? தண்ணி காட்டற நேரம். வாளி கெணத்தாண்ட கீது, எடுத்தாங்க.